ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின்

படிவத்தில் மூன்றாம் வரி:
‘ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் அளக்கவும்.’
ஈத்தாமொழிக்குத் தெற்கே இந்தத் தும்பு மில்லில்
ஓய்வு என்றால் கரண்ட் போவது.
இன்றைக்குப் போகவில்லை.

கேட்டுக்குள் வண்டியை நிறுத்தும்போதே
என் செருப்புச் சத்தம் எனக்கில்லை.
ஊறிய மட்டையை விழுங்கி
இந்தப் பக்கம் தும்பும் அந்தப் பக்கம் சோறுமாய்த்
துப்பிக்கொண்டிருக்கிறது மெஷின்.
சோறு என்றுதான் அந்தத் தூளுக்கு இங்கே பெயர்.
கனகபாயின் புருவத்தில், காது மடலில்,
இருமலில் அது.
சட்டைப்பையில் போனைப் பாட விட்டிருக்கிறான்
ஒடிசாப் பையன் பூர்ணா.
கேட்குதா என்று சைகையில் கேட்டேன்.
நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்:
அதிர்கிறதாம்.

பேட்டரிக் கருவி செவ்வாய்க்கிழமையே செத்துவிட்டது.
துணைச் சுகாதார நிலையத்துப் பழைய முள் மீட்டர்,
ஒரு காது தளர்ந்த ஸ்டெதஸ்கோப்.
கனகபாய் கையில் பட்டையைச் சுற்றி
காற்றை ஏற்றி, மெல்ல இறக்கி,
அந்த முதல் ‘டக்’குக்காகக் குனிந்து காத்திருந்தால்
என் இரண்டு காதிலும் மட்டை அரைபடுகிறது.
மூன்று தடவை.
அவள் கையில் பட்டை பதிந்த சிவப்பு.
‘எனக்கு ரத்தம் ஓடலியோ’ என்று
உதட்டால் கேட்டுச் சிரிக்கிறாள்.

வீட்டில் டிவியை முப்பதில் வைப்பாளாம்.
ஜெபம்கூடச் சத்தமாய்த்தான்.
ராத்திரி படுத்தால் தலைக்குள் இது ஓடும்,
ரெண்டு மணிக்கு மேல்தான் நிற்கும்
என்றாள் போன மாசம், சர்ச் வாசலில்.

முதலாளி கெட்டவர் இல்லை.
அவர் மேசையிலும் பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.
‘நிறுத்தினா மட்டை சிக்கும், கேட்டியளா.
ரெண்டே நிமிசம்.’

சுவிட்சைத் தட்டிய பிறகும்
சக்கரத்துக்கு மனசில்லை;
இழுத்து இழுத்து முனகி
ஒருவழியாய் நின்றது.

ஒன்றுமில்லை.
பிறகு, எங்கிருந்தோ,
ஒரு புரளல். ஒரு இழுப்பு. மறுபடி.
‘என்னது அது?’ கத்துகிறாள் கனகபாய்,
இன்னும் மெஷினுக்கு மேலே குரலை வைத்து.
கடல், என்றேன்.
‘இவ்வளவு கிட்டயா கெடக்கு?’
பதினோரு வருசமாய் இங்கே நிற்பவள்.

டக். நூற்று நாற்பத்தெட்டு.
கீழே தொண்ணூற்று நாலு.
எழுதப் பேனாவைத் திறப்பதற்குள்
ரெண்டு நிமிசம் முடிந்தது.

கால்மணி நேரம் அவள் மட்டை தள்ளியதும்
திரும்பக் கூப்பிட்டேன்.
இந்தத் தடவை காதை நம்பவில்லை.
மணிக்கட்டில் விரலை வைத்துக் காற்றை இறக்கினேன்.
நாடி விரலுக்குத் திரும்பிவந்த இடம்
நூற்று எழுபத்திரண்டு.

நோட்டீசைக் கொடுத்தேன்.
உப்பைக் குறைக்கவும்.
தினமும் முப்பது நிமிடம் நடக்கவும்.
மட்டைக் குவியலுக்கும் மெஷினுக்கும் இடையே
அவள் நடப்பதை யாராவது அளந்தால்
மத்தியானத்துக்குள்
நாகர்கோவில் போய்த் திரும்பியிருப்பாள்.

எது கனகபாய்?
படிவத்தில் ஒரே கட்டம்.
நூற்று நாற்பத்தெட்டை அதில் வைத்து
மற்றதை ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
‘ஆப்பில் ஓரம் கிடையாது’ என்றார்
மேலே வாங்கிப் பதிகிறவர்.
அன்றைக்கு ராத்திரி
மிக்சி ஓடாத என் அடுக்களையில்
மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் போனபோது
மாத்திரை அட்டையை வாங்கி இடுப்பில் செருகி,
தாடையால் தெற்கே காட்டி,
விரலைக் காதருகே வைத்து ஏதோ கேட்டாள்.
கடலைப் பற்றிக் கேட்டாளா,
இன்றைக்கும் நிறுத்தச் சொல்வேனா என்றா,
தெரியவில்லை.
ஆமாம் என்று தலையாட்டினேன்.
சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு
கையை நீட்டினாள்.